உப்பளம் இல்லாத ராஜ்ஜியம்

இரண்டாம் பாகத்தில் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்து, கரையில் புதைக்கப்பட்டு, மேலே கல்லும் நடப்பட்ட ஒருவன், நான்காம் பாகத்தில் அரசனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கோப்பையில் மது ஊற்றினான். அந்தப் பக்கத்தைப் படித்த பிற்பகலில்தான் என் மூளை போய்விட்டது என்று முடிவு செய்தேன். சிறிது நேரத்தில் என் உடம்பும் அந்த முடிவை ஆமோதித்தது.

இப்போது தேறிவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் நலம் விசாரிப்பதற்கு முன் என் தலையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். தையல் தேடுகிறார்கள். "மண்டையைத் தொறந்துட்டாங்களாமே?" என்று கேட்டுவிட்டு, திறக்கவில்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சிக்கனம்.

நான் உப்பு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசியாகப் பணியாற்றிய மரக்காணத்திலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டேன். ஒரு காகிதம் எந்த மேசையில் பிறந்து எந்த மேசையில் உறங்கும், யார் தட்டினால் எழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த நல்ல பழக்கம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

திண்டிவனத்தில் ஒரு டாக்டர் எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார். "உப்பைக் குறைங்க. தண்ணி நிறையக் குடிங்க" என்றார். ஒரு வெள்ளை மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். உடம்பில் அதிகமாக இருக்கும் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே இறக்கிவிடும் மாத்திரை அது. குறைப்பது என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அளவு குறிப்பிடாத உத்தரவை அதன் கடுமையான பொருளில் எடுத்துக்கொள்வது என் பணிக்கால வழக்கம். பிற்பாடு யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆகவே உப்பை அறவே நிறுத்தினேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரே கொஞ்சம் கரிக்கும். அதையும் விட்டு வைப்பானேன் என்று, கிளியனூர்ப் பக்கத்து நல்ல தண்ணீரைக் குடத்தில் வரவழைத்து, நாள் முழுவதும் குடித்தேன்.

என் மனைவி கனகம் இரக்க குணம் உள்ளவள். சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். உப்பளத்தில் உப்பை அம்பாரமாகக் குவித்ததும் மேற்பரப்பைத் தட்டிச் சமமாக்கி, எழுத்து செதுக்கிய மரப்பலகையை வரிசையாக அழுத்தி வைப்போம். ஒரு கை உப்பை யாராவது அள்ளினாலும் எழுத்து கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கழித்துக்கட்டிய சின்ன முத்திரைக்கட்டை ஒன்று என்னிடம் நினைவாக இருந்தது. வீட்டு உப்புச் சாடியின் மேற்பரப்பைச் சமமாக்கி, அதை அழுத்தி வைத்தேன். கனகத்தின் பங்கை முன்பே ஒரு தொட்டாங்குச்சியில் எடுத்துக் கொடுத்தாயிற்று. அவள் தன் இலையில் மட்டும் அதைப் போட்டுக்கொள்வாள்.

"அம்பாரத்துக்கு வைக்கிற முத்திரையை அடுப்பங்கரையில கொண்டாந்து வைக்கிறீங்களே, நான் என்ன திருடியா?" என்றாள்.

"திருடி இல்ல. இரக்கப்படுவ. அதுதான் ஆபத்து."

"ஆமாமா. உங்க மேல இரக்கப்பட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

இந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. எங்கள் மகள் வசந்தி புதுச்சேரியில் பள்ளி ஆசிரியை. அங்கே செம்மண் காட்டில் குடிசை போட்டுத் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் புத்தகங்கள் ஒரு பழைய புத்தகக் கடைக்கு வரும். அங்கிருந்து ஒரு செங்கல் பருமனுக்கு ஓர் ஆங்கில நாவலை வாங்கி வந்தாள். "அப்பா, சாடிக்கு முத்திரை வச்சதோட நிறுத்திக்குங்க. அடுத்து எங்க வாய்க்கு வைக்கறதுக்குள்ள இதைப் படிங்க" என்றாள்.

எங்கும் இல்லாத ஒரு நாட்டின் கதை. வாளும் மந்திரமும் பறக்கும் பல்லியும் உண்டு. அவை என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. ஆனால் அந்த ஆசிரியர் ஒரு நாட்டைக் கட்டியிருந்த விதம் என்னை மயக்கிவிட்டது. வானத்தில் இரண்டு நிலாக்கள். ஆகவே இரண்டு பஞ்சாங்கங்கள். ஒன்றில் திருவிழா என்றால் மற்றதில் துக்கநாள். ஒன்பது குலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மொழி, தனிச் சட்டம். ஒவ்வொருவனுக்கும் பிறந்தபோது ஒரு பெயர், குலத்துக்குள் ஒரு பெயர், வாள் எடுத்துச் சத்தியம் செய்தபின் ஒரு பெயர். பாலம் கடக்கச் சுங்கம், எல்லை தாண்டச் சீட்டு, சீட்டுக்கு இரண்டாம் நிலா மாதத்தில் மட்டும் மேலொப்பம். முடிவில் பின்னிணைப்புகளே கதையில் கால்வாசி. அலுவலகக் கோப்பு எதையும் இணைப்புகளிலிருந்து படிப்பவன் நான். இதையும் அப்படியே ஆரம்பித்தேன். இந்த மனிதர் எங்கள் இலாகாவில் இருந்திருந்தால் மேலே போயிருப்பார் என்று தோன்றியது.

ஒரு குறைதான். வரைபடத்தில் இரண்டு கடல்கள் இருந்தன, ஓர் உப்பளம் இல்லை. உப்பு வணிகன் இல்லை, உப்பு வண்டி இல்லை. குதிரை லாடத்துக்குக்கூட வரி போட்ட அரசன் உப்பை மறந்துவிட்டான். கனகத்திடம் முறையிட்டேன். "அந்த ராஜாவும் உங்க டாக்டர்கிட்டதான் காட்றாரோ என்னவோ" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

பாதிப் புத்தகம் போனபோது தலைவலி ஆரம்பித்தது. காலையில் குமட்டும். கெண்டைக்கால் இழுக்கும். வயசு என்று விட்டுவிட்டேன். பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. பெயர்கள் நழுவின. நேற்று படித்த தளபதி இன்று அன்னியனாக வந்து நின்றான். ஹால்வென் அரசனின் தம்பியா, மைத்துனனா என்று பின்னிணைப்பைப் புரட்டிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடுவதற்குள் மறந்துவிடும்.

என் அண்ணன் ஒரு தலைமை ஆசிரியர். கடைசி வருஷங்களில் தன் சொந்த மகளைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அவரிடமும் முதலில் பெயர்கள்தாம் போயின.

அன்றிலிருந்து அந்த நாவல் எனக்குப் பரீட்சை ஆயிற்று. தினமும் காலையில், காபிக்கு முன்னால், ஒன்பது குலங்களையும் மனத்துக்குள் ஒப்பிப்பேன். முதலில் ஒன்பதும் வந்தன. பிறகு ஏழு வந்தன. ஒரு காலையில் நான்கோடு நின்றுவிட்டது. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கனகம் காபியை வைத்துவிட்டு, "என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். "கதை சிக்கலா இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. எந்தக் கதை என்று மட்டும் சொல்லவில்லை.

அப்புறம்தான் மார்டெக் வந்தான். குதிரை வைத்தியன். ஒரு காது அறுந்தவன், ஆகவே இன்னொருவனோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. அவன் செத்தது எனக்கு நினைவிருந்தது. அவனைப் புதைத்த இடத்தில் ஏழு கல் நட்டதுகூட நினைவிருந்தது. அதே மார்டெக், அதே ஒற்றைக் காதோடு, மது ஊற்றினான். அப்படியானால் அவன் செத்ததாக நான் நினைத்தது என் தலைக்குள் மட்டும் நடந்திருக்க வேண்டும். படிக்காததைப் படித்ததாக நினைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். பின்னால் திருப்பிப் பார்த்திருக்கலாம். துணிவு வரவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உப்பளத்துப் பக்கம் நடந்தேன்.

வரப்பில் நடந்தது நினைவிருக்கிறது. வெயிலில் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. வீட்டுக்குத் திரும்ப எந்த வரப்பு என்று தெரியவில்லை. பல வருஷங்கள் தினமும் நடந்த இடம். அதற்குப் பின் நினைவு இல்லை. வலிப்பு வந்து விழுந்தேனாம். உப்பு வாரிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து தூக்கி, மூட்டை ஏற்றி நின்ற லாரியில் உப்பு மூட்டைகளின் மேல் கிடத்தி, கனகத்தையும் முன்னால் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு விட்டார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. நினைவு திரும்பியபோது ஒரு நீண்ட கூடத்தில் தள்ளுவண்டியில் கிடந்தேன். பெஞ்சுகளில் ஜனம். கனகம் தப்பான வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். "அது மருந்து வரிசை. முதல்ல சீட்டு, அப்புறம் முத்திரை, அதுக்கப்புறம்தான் டாக்டர்" என்று படுத்தபடியே சொன்னேனாம். அவள் அழுதுவிட்டாளாம். சந்தோஷத்தில். அதற்குச் சற்று முன்னால்வரை அவள் பெயரை நான் சொல்லவில்லையாம்.

டாக்டர் தேவராஜ் இளைஞர். பொறுமையானவர். என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னேன், கிழமையைத் தவறவிட்டேன். பிரதமர் யார் என்றார். ஆட்சி மாறி மாறி வந்த அந்தச் சமயத்தில் நல்ல மூளை உள்ளவர்களே அந்தக் கேள்விக்குத் தடுமாறினார்கள். அதனால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று என்றேன். அதற்குக் கீழே போக வழி தெரியவில்லை. ஓர் ஏணியின் முதல் படியில் நின்று, அடுத்த படி எங்கே என்று காலால் துழாவுவதுபோல் இருந்தது. அவர் "பரவாயில்ல" என்று எழுதிக்கொண்டார். டாக்டர்கள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுதினால், பரவாயில்லாததைத்தான் எழுதுகிறார்கள்.

சர்க்கரை பார்த்தார்கள், யூரியா பார்த்தார்கள். இரண்டும் சரி. மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு கண்ணுக்குள் ஒரு சின்ன விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார்கள். கண்ணின் பின்புறம் மூளை நரம்பின் நுனி ஒரு வட்டமாகத் தெரியுமாம். தலைக்குள் அழுத்தம் ஏறினால் வட்டத்தின் விளிம்பு மங்கும். என் விளிம்பு மங்கலாக இருப்பதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தது. உண்மையிலேயே அழுத்தம் இருந்தால் அந்த நீரை எடுப்பதே உயிருக்கு ஆபத்து என்று அதை நிறுத்திவிட்டார்கள். வேண்டிய பரிசோதனையே ஆபத்து என்று கேட்ட பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பாடும் இறங்கும்படியாக இல்லை. வார்டில் சேர்த்த அன்றே, எனக்கு உப்பில்லா உணவு என்பதைக் கேஸ் தாளில் ஏற்றச் சொல்லி நர்ஸை வற்புறுத்தினேன். அவள் மறந்தாள். நினைவூட்டினேன். கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் 'உப்பு இல்லாத சாப்பாடு' என்று ஒரு தகர அட்டை தொங்கியது. என் மாத்திரையையும் நேரம் தவறாமல் கேட்டு வாங்கி விழுங்கினேன். தண்ணீரும் குறைக்கவில்லை. முறைப்படி எல்லாம் நடந்தது. நாளுக்கு நாள் மோசமானேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை. அனுமந்தையில் கடலுக்குப் போகிறவர். வலையிலிருந்த திருக்கை வாலால் அடித்து, முள் காலில் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. என் தலைமாட்டில் அந்தத் தடித்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு முதல் நாளே கேட்டார்: "இன்னா சார், இது படிச்சு முடிக்கறதுக்குள்ள டிஸ்சார்ஜ் பண்ணிட்டா இன்னா பண்ணுவீங்க?"

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னவன் நான்தான். படிக்க இல்லை. பரீட்சை எழுத. மாலையில் வசந்தி வருவாள். பின்னிணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். "ஹால்வென் யாருப்பா?" நான் சொல்வேன். "கரெக்டு" என்பாள். "வடக்குக் குலத்துக்கு எந்த நிலா?" சொல்வேன். "கரெக்டுப்பா." ஒரு நாள் பதில் தெரியாமல் வாயில் வந்த எதையோ, எங்கள் பழைய அலுவலக டபேதாரின் பெயரைச் சொன்னேன். "கரெக்டு" என்றாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மகள் எனக்குச் செய்த எத்தனையோ நல்லவற்றில் என்னை இவ்வளவு நடுங்க வைத்தது வேறு இல்லை. பணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் கையில் வளையல்கள் இருக்கின்றனவா என்று மட்டும் தினமும் பார்த்துக்கொண்டேன்.

சில நேரங்களை நான் அறியேன். மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் நர்ஸை நிறுத்தி, இரண்டாம் நிலா மாதம் பிறந்துவிட்டது, எல்லைச் சீட்டில் மேலொப்பம் இல்லாமல் இந்த வார்டைத் தாண்ட முடியாது என்று தகராறு செய்தேனாம். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேனாம். ஏழுமலைதான் தன் மருந்துச் சீட்டை எடுத்து ஆட்டி, "பாஸு எங்கிட்ட இருக்குது சார், ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கிட்டேன், நீங்க படுங்க" என்றாராம். மேலொப்பம் இருக்கிறதா என்று கேட்டேனாம். "பெரிய ஆபீசரு போட்டிருக்காரு" என்றதும் படுத்துவிட்டேனாம்.

மறுநாள் டாக்டர் தேவராஜ் கனகத்தையும் வசந்தியையும் வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். கதவுக்குப் பின்னால் பேசினால் நோயாளிக்குக் கேட்காது என்பது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் உள்ள நம்பிக்கை. தலைக்குள் கட்டி இருக்கலாம், மதராஸுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். "தொறந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னா?" என்று கனகம் கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. 

என் பயத்தை எப்படிச் சொல்வது? சாவதைப் பற்றி அவ்வளவாக இல்லை. தலையைத் திறந்து மூடுவார்கள், கண் விழிப்பேன், எதிரே ஒரு பெண் நிற்பாள், அவளிடம் நான் மரியாதையாக, "நீங்க யாரும்மா?" என்று கேட்பேன். அந்தக் காட்சியைத்தான் மறுபடி மறுபடி பார்த்தேன். அவள் என்ன சேலை கட்டியிருப்பாள் என்பதுவரை தெரிந்தது.

மதராஸுக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் எனக்குத் தலை கொஞ்சம் தெளியும். கனகம் ஈரத்துணியால் என் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலைக்குப் பொழுது போகவில்லை. நான் துண்டு துண்டாகச் சொல்லியிருந்த நாவல் கதையைத் தொடரச் சொன்னார்.

"சார், அந்த ராஜா பட்டாளம் பாலைவனத்துல பூந்துச்சே, அப்புறம் இன்னா ஆச்சு?"

"வெயில்ல நடந்துக்கிட்டே இருக்காங்க."

"எம்மா நாளா?"

"ரெண்டாம் நிலா கணக்குல ஒரு வருஷம்."

"கஞ்சித் தண்ணிக்கு இன்னா பண்றாங்க?"

"தண்ணி இருக்கு. மந்திரவாதி பாறையிலேர்ந்து வரவழைக்கிறான். ஆனா உப்பு இல்ல. அந்த நாட்டுலயே உப்பு இல்ல" என்றேன். எது மறந்தாலும் இந்தப் புகார் மறக்கவில்லை. தொடர்ந்து பேசினேன். டாக்டர் தேவராஜ் எதிர்க் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "கதை எழுதினவனுக்கு ரெண்டு பஞ்சாங்கம் போடத் தெரியுது, இது தெரியல. சித்திரை வெயில்ல உப்பளத்துல வாரறவன் வேர்வை சொட்டச் சொட்ட நிப்பான். வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தான்னா முதல்ல கெண்டைக்கால் இழுக்கும். அப்புறம் தலைவலி, குமட்டல். அப்புறம் கண்டபடி பேசுவான், பொண்டாட்டி பேரே தெரியாது, சில பேர் வலிப்பு வந்து விழுவான். கூழுல ஒரு கல்லு உப்பு கூடப் போட்டுக் குடுத்தா தெளிஞ்சிடுவான். நானே பாத்திருக்கேன். பட்டாளம் முழுக்க அப்படித்தான் விழுந்திருக்கணும்."

"அப்ப சண்டையே தேவயில்ல சார். ஒரு மூட்டை உப்பு வச்சிருக்கிறவன் ராஜா" என்றார் ஏழுமலை.

கழுத்தில் ஈரத்துணி நின்றுவிட்டது.

"ஏங்க" என்றாள் கனகம். "நீங்களும் அந்தப் பட்டாளத்துலதான இருக்கீங்க?"

 எதிர்க் கட்டிலிலிருந்து டாக்டர் திரும்பினார். வந்து என் கால்மாட்டிலிருந்த தகர அட்டையை நிமிர்த்திப் படித்தார்.

"வீட்டுல உப்பு எவ்வளவு சேத்துக்கறாரு?"

"ஒரு கல்லுகூட இல்ல."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கணக்குல வராது."

"டாக்டர், இவரு உப்புச் சாடிக்கே முத்திரை வச்சிருக்காரு. சர்க்கார் முத்திரை. இன்னும் கலையாம இருக்குது, வேணும்னா ஆள் அனுப்பிப் பாருங்க."

"சாடிக்கு முத்திரையா?" என்றார். பிறகு நர்ஸிடம், "இந்த அட்டையை யாரு மாட்டச் சொன்னது?"

"அவருதான் டாக்டர். தினம் ஞாபகப்படுத்தினாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். விதியைச் சரியாகப் பின்பற்றிச் சர்வநாசம் செய்த சிப்பந்திகளை நானே அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அன்றே இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கனகத்துக்கு விளக்கியது எனக்கும் புரிந்தது. சோறு பொங்கி வழியும்போது உப்புத் தண்ணீர் அடுப்பில் பட்டால் தீ மஞ்சளாக எரியும். அதேபோல் இரத்தத்திலிருந்து பிரித்த நீரை ஒரு தீயில் தெளித்து, மஞ்சள் எவ்வளவு என்று ஒரு கருவியால் அளப்பார்கள். மஞ்சள் குறைந்தால் உப்பு குறைவு. என் இரத்தம் ஏறக்குறைய எரியவே இல்லை என்றார். இரத்தத்தில் உப்பு குறைந்தால் அதிலுள்ள தண்ணீர் உடம்பின் நுண்ணறைகளுக்குள் புகுந்துவிடும். கையோ காலோ வீங்கினால் இடம் இருக்கிறது. மண்டை ஓட்டுக்குள் மூளை வீங்கினால் போக இடமில்லை. அதனால்தான் தலைவலி, குழப்பம், வலிப்பு எல்லாம். கட்டி ஒன்றும் தேவையில்லை.

உப்பு மூட்டைகளின் மேல் படுத்து வந்தவனுக்கு இந்த நோய்.

வெள்ளை மாத்திரை நின்றது. தண்ணீருக்கு அளவு வந்தது. கையில் உப்பு நீரை மெல்ல ஏற்றினார்கள். அவசரப்பட்டால் இதயம் தாங்காது என்றார்கள். தகர அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கனகம் ஒரு டம்ளரில் உப்புப் போட்ட கஞ்சி கொடுத்தாள். முதல் வாய் நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அதையும் வீணாக்காதீங்க, அதுலயும் உப்பு இருக்குது" என்றாள்.

"கடல்ல ஒரு முழுக்குப் போட்டு ரெண்டு வாய் குடிச்சிருந்தா சரியா பூட்டிருக்கும். இங்க வந்து அநியாயத்துக்கு மண்டையைத் தொறக்கப் பாத்தீங்க" என்றார் ஏழுமலை. எனக்கு முன் அவர் வீட்டுக்குப் போனார். போகும்போது எல்லைச் சீட்டை என் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் போனார்.

ஓரிரு நாளில் கிழமை தெரிந்தது. அப்புறம் நூறிலிருந்து கீழே படிப்படியாக இறங்கினேன். டாக்டர் சிரித்தார். ஊருக்குக் கிளம்பும்போது கேட்டேன்: "போனது எல்லாம் திரும்பிடுமா?"

"பொதுவா திரும்பிடும்" என்றார்.

பொதுவாக. அந்தச் சொல்லை எத்தனை கோப்புகளில் நானே எழுதியிருக்கிறேன். விதிவிலக்கு ஒன்றைக் கையில் மறைத்து வைத்திருப்பவன் எழுதும் சொல் அது. கிழமையும் கணக்கும் எல்லோருக்கும் வரும். அண்ணனுக்குக்கூட வாய்ப்பாடு கடைசிவரை வந்தது. மகள்தான் தெரியவில்லை.

வீட்டில் சாடி அப்படியே இருந்தது. முத்திரை எழுத்து ஒன்றுகூட உதிரவில்லை. "வச்சவரே உடைங்க" என்று கனகம் கரண்டியைக் கொடுத்தாள். உடைத்தேன். அது எளிது. புத்தகத்தைத்தான் திறக்க முடியவில்லை. அலமாரியின் மேல் வைத்தேன். அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் ஒற்றைக் காது ஆள் ஒருவன் உள்ளே கோப்பையோடு காத்திருப்பதாக இருந்தது. மறுபடி படித்து, அவன் சாகவே இல்லை என்று தெரிந்தால், அப்போது நான் யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டர் கேட்கும் கேள்விகளில் மார்டெக் இல்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணனும் முதலில் யாருக்கும் சொல்லாமல்தான் இருந்திருப்பார்.

மழைக்காலம் வந்து உப்பளம் மூடியது. பாத்திகளில் தண்ணீர் நின்றது. ஒரு காலை காபிக்கு முன்னால் என்னை அறியாமல் ஒன்பது குலங்களும் வரிசையாக வந்தன. எழுந்து புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். குறுக்கு வழியில் போகவில்லை. பெயர்கள் நின்றன. ஹால்வென் மைத்துனன்தான். இரண்டாம் பாகத்தில் பாலம் இடிந்தது. மார்டெக் விழுந்தான். ஏழு கல்லையும் விரல் வைத்து எண்ணினேன். என் தலைக்குள் நடக்கவில்லை, அச்சில் இருந்தது. இருந்தாலும் பயம் விடவில்லை. இப்போது நான்காம் பாகத்தில் அவன் இல்லாமல் போனால்? செத்தவனை நான் கண்டது பொய்யானால்?

அந்தப் பக்கத்துக்கு வந்தேன். திருப்பினேன். அரசனின் நாற்காலி, பின்னால் மார்டெக், ஒற்றைக் காது, கோப்பை. மது ஊற்றினான். மீதிப் பக்கங்களையும் பின்னிணைப்பையும் துருவினேன். மாயம் இல்லை, இரட்டைப் பிள்ளை இல்லை, விளக்கம் எதுவும் இல்லை. இரண்டு பஞ்சாங்கம் கணித்து, ஒன்பது மொழிக்கு இலக்கணம் எழுதிய அந்த மனிதர், தான் புதைத்த ஆளை மறந்துவிட்டார். அவ்வளவுதான். மறந்தது நான் இல்லை. இன்னொருவர் செய்த பிழைக்கு நான் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"கனகம்" என்று கூப்பிட்டேன். "செத்தவன் வந்துட்டான். இங்கதான் நிக்கறான். அவனேதான்."

பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஓடிவந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. என் தோள்களைப் பிடித்துக்கொண்டு கண்களுக்குள் பார்த்தாள். அந்தச் சின்ன விளக்கு இல்லாமலேயே பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள்.

"வியாழன்."

"நான் யாரு?"

சொன்னேன். அவள் நம்பவில்லை. உள்ளே போனாள். சாடியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. உப்பைக் கையில் கொடுத்தால் வீட்டில் சண்டை வரும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கையில் கொடுக்காதவள், திரும்பி வந்து என் உள்ளங்கையை விரித்து ஒரு கல்லுப்பை வைத்தாள். 

"வாயில போடுங்க."

புத்தகத்தைப் பற்றி விளக்க எனக்கு நிறைய இருந்தது. விளக்கவில்லை. போட்டுக்கொண்டேன்.